இன்ஸ்டாகிராமிலிருந்து சொந்தத் தளத்துக்கு: ஷாப்பிஃபையா, வேர்ட்பிரஸா, வேறு ஏதாவதா?

கண்டாங்கிக்காரி (காரைக்குடி) · ஞாயிறு, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். தறி என்னுடையது இல்லை. மாமனார் வழியில் தெரிந்த நான்கு நெசவாளர் வீடுகளில் வாங்குகிறேன். மாதம் 35 முதல் 45 சேலை போகும். சராசரி விலை 1,800 ரூபாய்.

விற்பனையில் குறை ஒன்றும் இல்லை. ஒரே சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிடுவதுதான் என் பிரச்சினை. எங்களிடம் வருவதில் பாதி ஒற்றை உருப்படி. அந்தக் கட்டம், அந்தக் கரை, அதில் ஒன்றே ஒன்று. ஸ்டேட்டஸில் போட்ட பத்து நிமிடத்தில் ஐந்து பேர் ‘எனக்கு’ என்று அனுப்புவார்கள். முதலில் கேட்டவர் பணம் அனுப்ப மறந்து தூங்கிவிடுவார். இரண்டாமவர் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுவார். காலையில் பார்த்தால் முதலாமவரும் அனுப்பியிருப்பார். போன தீபாவளிக்கு ஏழு பேருக்குப் பணத்தைத் திருப்பினேன். அதில் ஒருவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் என் சின்ன நாத்தனார்.

அதனால்தான் தளம் வேண்டும் என்கிறேன். உள்ளூரில் ஒருவர் ‘ஆப்பும் சேர்த்து’ 35,000 கேட்கிறார். தோழி, சந்தா கட்டி இணையக் கடை நடத்தும் ஷாப்பிஃபை என்கிறாள். தம்பி, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இலவசம்தானே என்கிறான். யூடியூபில் எல்லோரும் ‘கீழே இருக்கும் லிங்க்கில் போய் வாங்குங்கள்’ என்றே முடிக்கிறார்கள். கமிஷன் வாங்குகிறவர் பேச்சை எவ்வளவு நம்புவது? முதல் வருடத்துக்கு 15,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். கோடிங் தெரியாது. கற்றுக்கொள்ள உட்காரும் நேரம் இரவு பத்து மணிக்கு மேல்தான் கிடைக்கும்.

பனிநாட்டான் (டொரண்டோ) · ஞாயிறு, இரவு 10:31

யோசிக்கவே வேண்டாம், ஷாப்பிஃபை. என் மனைவி இங்கே கவரிங் நகை விற்கிறார். ஒரு சனி, ஞாயிறில் கடையைத் திறந்துவிட்டோம். அந்த நிறுவனமே எங்கள் ஒட்டாவாவில் ஒரு கடைக்காரரின் எரிச்சலில் பிறந்ததுதான்: 2004-இல் பனிச்சறுக்குப் பலகை விற்க நல்ல மென்பொருள் கிடைக்காமல் தாங்களே எழுதினார்கள், 2006-இல் அதையே மற்றவர்களுக்கும் விற்க ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள். சர்வர், பாதுகாப்பு, அப்டேட் எதையும் நாம் பார்க்க வேண்டாம். பணம் வாங்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது, தனியாக யாரிடமும் போக வேண்டாம்.

வலைத்தச்சன் (மதுரை) · ஞாயிறு, இரவு 11:15

பனிநாட்டான் சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. அந்தக் கடைசி வரியில்தான் பணம் இருக்கிறது.

‘உள்ளேயே இருக்கும்’ ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் கனடாவில் உண்டு, இந்தியாவில் இல்லை. இங்கே ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்ற ஒரு கேட்வேயை (வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி நம்மிடம் சேர்க்கும் சேவை) வெளியிலிருந்து இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் பேசிக் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஷாப்பிஃபை 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கேட்வே எடுக்கும் பங்கு அதற்கு மேல்.

உங்கள் கணக்கையே போடுகிறேன் சகோதரி. 40 சேலை, தலைக்கு 1,800 என்றால் மாதம் 72,000. தளத்தின் பங்கு 1,440. கேட்வே 2 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 1,440, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 259 ரூபாய். ஆக 3,139. மாதச் சந்தா இதில் சேரவில்லை. கேட்வே பங்கை எங்கே போனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் 1,440 மட்டும் நாம் தேர்ந்தெடுத்துக் கட்டுவது, வருடத்துக்கு 17,280.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் வேர்ட்பிரஸ் தளம் கட்டிப் பிழைப்பவன். என் பேச்சிலும் அந்தச் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

கண்டாங்கிக்காரி · ஞாயிறு, இரவு 11:40

17,280 என்றால் ஒதுக்கிய மொத்தப் பணத்துக்கும் மேலே போகிறதே! வருடத்துக்குப் பத்து சேலையை மடித்துச் சும்மா கொடுத்த மாதிரி.

பனிநாட்டான் · திங்கள், காலை 5:02

இது எனக்குத் தெரியாது. இங்கே அந்தக் கழிவு வருவதே இல்லை, அதனால் யோசித்ததும் இல்லை. சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: இரவு பத்து மணிக்கு மேல் அவர் செலவழிக்கப்போகும் நேரத்துக்கு விலை கிடையாதா?

சும்மா_வந்தவன் · திங்கள், காலை 8:20

தளமே எதற்கு? வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் 500 பொருள் வரை போடலாம், காசு கிடையாது. யுபிஐயில் பணம் வாங்கினால் கழிவும் கிடையாது. மாதம் நாற்பது சேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ‘பணம் அனுப்பியவருக்கே சேலை, கேட்டவருக்கு இல்லை’ என்று ஸ்டேட்டஸில் ஒரு வரி எழுதுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

பொடிக்கடைக்காரி (ஈரோடு) · திங்கள், காலை 11:06

சும்மா வந்தவர் சும்மா சொல்லவில்லை. நானும் முதல் இரண்டு வருடம் நோட்டில்தான் ஓட்டினேன். மாதம் நூறு ஆர்டரைத் தாண்டியதும் முகவரி எழுதுவதிலேயே பாதி நாள் போனது. பின்கோடு ஒரு எண் மாறி, இட்லிப்பொடி கும்பகோணத்துக்குப் பதில் கோரக்பூர் போய் வந்தது. தளம் வந்தபின் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி, வாடிக்கையாளர் தன் முகவரியைத் தானே தட்டச்சு செய்வதுதான்.

தங்கச்சி, எந்தத் தளம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு விஷயம். டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உன் மின்னஞ்சலில், உன் அட்டையில், உன் கையால் வாங்கு. என் முதல் தளத்தைக் கட்டிக்கொடுத்த பையன் ‘எல்லாம் பேக்கேஜில் வரும் அக்கா’ என்றான். நானும் சரி என்றேன். இரண்டாம் வருடம் அவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான், எண்ணும் மாறிவிட்டது. டொமைன் அவனுடைய கணக்கில், அவனுடைய மின்னஞ்சலில். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவனுக்கே போயிருக்கின்றன. ஒருநாள் காலையில் தளம் இருந்த இடத்தில் வேறு யாருடைய விளம்பரமோ ஓடுகிறது. டப்பாவில் அச்சடித்த முகவரி, விசிட்டிங் கார்டு, ஆட்டோவில் ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் வீண். மூவாயிரம் லேபிளைக் கறுப்பு மார்க்கர் வைத்து நானும் என் மகளும் அடித்தோம்.

காசு கொடுத்தது நான். ஆனால் பதிவில் என் பெயர் எங்குமே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

வலைத்தச்சன் · திங்கள், மதியம் 1:30

அக்கா சொன்னது மாதம் ஒருமுறையாவது என் காதில் விழும் கதை. கூட இரண்டு விஷயம். முதல் வருடம் 99 ரூபாய் என்று போடும் நிறுவனத்தில் இரண்டாம் வருடத்துக்குப் புதுப்பிக்க எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வேறு வேறு நிறுவனத்தில் வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது கையில் இருக்கும். தளத்துக்கு வந்துபோகும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிப் பணம் கேட்டால் வேறு கடை பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது.

இலவசத்தை நம்பி அதில் முகவரி அச்சடிக்கவும் வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு வந்த இலவச ஒரு பக்கத் தளத்தில் எத்தனையோ சின்னக் கடைகள் இருந்தன. 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையையே மூடிவிட்டது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள்.

கண்டாங்கிக்காரி · திங்கள், இரவு 10:18

டொமைன் என் பெயரில்தான், முடிவு செய்துவிட்டேன் அக்கா. விக்ஸ் எப்படி? பார்க்க அழகாக இருக்கிறது. இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடுகிறது.

வலைத்தச்சன் · திங்கள், இரவு 11:02

அழகுதான். ஓர் ஓவியர், ஒரு புகைப்படக்காரர், ஒரு சின்ன உணவகம் என்றால் தயங்காமல் விக்ஸ் என்பேன். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு சர்வருக்குக் கொண்டுபோக வழியில்லை. பொருள் பட்டியலை எடுக்கலாம், கட்டடத்தை எடுக்க முடியாது. அதனால் கடைக்கு என்றால் நுழையும்போதே வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

ஷாப்பிஃபையில் பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது. படங்களின் இணைய முகவரிகள்தான் இருக்கும். கடையை மூடிவிட்டு நிதானமாக மாற்றலாம் என்று நினைத்தால் முகவரி இருக்கும், படம் இருக்காது. புதுக்கடையில் ஏற்றி முடித்த பிறகுதான் பழையதை மூட வேண்டும். இன்னொன்று, அங்கே பொருள் பக்கத்தின் இணைய முகவரியில் ‘ப்ராடக்ட்ஸ்’ என்ற சொல் கட்டாயம் வரும், மாற்ற முடியாது. வேர்ட்பிரஸில் கடை வைக்கச் சேர்க்கும் மென்பொருளான வூகாமர்ஸில் அது நம் இஷ்டம். ஆகவே அங்கிருந்து இங்கே வருபவர் அதே சொல்லை வைத்துக்கொண்டால் பழைய லிங்க்குகள் உடையாமல் காப்பாற்றலாம். முன்பு பகிர்ந்த லிங்க்கை எடுத்து ஒரு வருடம் கழித்து அழுத்துபவர்கள் நிறையப் பேர்.

கணக்குப்பிள்ளை (திருநெல்வேலி) · செவ்வாய், காலை 9:12

எல்லோரும் மென்பொருளையே பேசுகிறீர்கள். அம்மா, உங்களிடம் ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருட விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. நீங்கள் அதில் கால்பங்குகூட இல்லை. ஆனால் தளம் திறந்தால் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் கேட்பார்கள். மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம் என்பது பொது விதி. கைவினைப் பொருட்களுக்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் சேலை அந்தப் பட்டியலில் வருமா என்பதைச் சேலையைக் காட்டி ஆடிட்டரிடம் கேளுங்கள், இணையத்தில் கேட்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதிவு வரும்வரை டெலிவரியைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று தளத்திலேயே பூட்டிவைக்கலாம்.

ஸோஹோ காமர்ஸை யாரும் சொல்லவில்லையே? விலை ரூபாயில், விற்பனைக்கு என்று தனிக் கழிவு இல்லை, ஸோஹோ புக்ஸோடு இணைத்தால் கணக்கும் அதுவே எழுதிவிடும். தென்காசிப் பக்கம் ஆள் வைத்து வேலை செய்யும் நிறுவனம் என்ற ஊர்ப்பாசமும் எனக்கு உண்டு. குறை என்றால், ஒரு சின்ன மாற்றம் வேண்டும் என்றால் செய்துகொடுக்கத் தெரிந்தவர் வேர்ட்பிரஸுக்குத் தெருவுக்கு ஒருவர், இதற்குத் தேட வேண்டும்.

பொடிக்கடைக்காரி · செவ்வாய், காலை 10:40

கேட்வே விண்ணப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தளம் முழுதாகத் தயாரான பிறகுதான் அனுமதி கிடைக்கும். தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள், டெலிவரி எத்தனை நாள், பணம் திருப்பும் முறை, தொடர்பு முகவரி, இந்தப் பக்கங்கள் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் ‘விரைவில்’ என்று எழுதிவைத்த பக்கத்தால் ஒரு வாரம் போனது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளும் குறை கேட்கும் அலுவலர் பெயர் வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் சொல்ல வேண்டும் என்கின்றன. எங்கள் கடையில் அந்த அலுவலர் என் கணவர். பெரிய பதவி.

யாழ்_பனையோலை (யாழ்ப்பாணம்) · செவ்வாய், மதியம் 12:25

நாங்கள் பனையோலைப் பெட்டிகள் விற்கிறோம். எங்களுக்கும் இதே கேள்வி வந்தது. முடிவைத் தீர்மானித்தது வடிவமைப்பு அல்ல, இலங்கை வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்கிற வழி. உள்ளூர் பேஹியர் கேட்வேக்கு வூகாமர்ஸ் இணைப்பு இருந்தது, அதனால் வூகாமர்ஸ். எந்த நாட்டவரானாலும் முதலில் பணம் வரும் பாதையைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கடையைக் கட்டுங்கள்.

கண்டாங்கிக்காரி · செவ்வாய், இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. வேர்ட்பிரஸ் பக்கம் சாய்கிறேன். தம்பி வாரம் ஒருநாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை அண்ணா! ஒரே சேலை, இரண்டு பேர். வூகாமர்ஸ் அதைத் தடுக்குமா?

வலைத்தச்சன் · செவ்வாய், இரவு 11:48

மன்னிக்கவும், உங்கள் முதல் கேள்வியையே மறந்துவிட்டோம்.

தடுக்கும், எப்போது தடுக்கும் என்பது முக்கியம். சேலையைக் கூடையில் போட்டதாலேயே அது அவருக்கு என்று ஆகிவிடாது. முகவரி நிரப்பி, ஆர்டர் பொத்தானை அழுத்தி, பணம் கட்டும் கட்டத்துக்குப் போனதும்தான் வூகாமர்ஸ் அந்த ஒன்றைப் பிடித்துவைக்கும். அடுத்தவருக்கு இருப்பில் இல்லை என்று சொல்லிவிடும். எவ்வளவு நேரம் பிடித்துவைக்க வேண்டும் என்று இருப்பு அமைப்பில் நிமிடக்கணக்கு ஒன்று இருக்கிறது. தானாக 60 என்று இருக்கும். ஒற்றை உருப்படிக் கடைக்கு அது அதிகம். யுபிஐ திரையைப் பார்த்துவிட்டு மனம் மாறியவர் ஒரு மணி நேரம் சேலையை முடக்கிவைப்பார். 15 நிமிடமாகக் குறையுங்கள். ஒவ்வொரு சேலைக்கும் இருப்பு 1, முன்பதிவு கூடாது, ஓர் ஆர்டரில் ஒன்றுக்கு மேல் கூடாது. அவ்வளவுதான்.

ஒரு பள்ளம் இருக்கிறது. பணம் வந்துவிட்டது என்று கேட்வே உங்கள் தளத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும், வெப்ஹூக் என்பார்கள். அதை அமைக்க மறந்தால், வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுத் தளத்துக்குத் திரும்பாமல் ஜன்னலை மூடும்போது தகவல் வந்து சேராது. 15 நிமிடம் கழித்து ஆர்டர் ரத்தாகும், சேலை மறுபடி விற்பனைக்கு வரும், பணமோ வந்திருக்கும். நாத்தனார் கதை திரும்ப ஆரம்பித்துவிடும். ஒரு வாடிக்கையாளருக்கு நானே இதை மறந்துவிட்டு, பொங்கல் வாரத்தில் உட்கார்ந்து பதினோரு ஆர்டரைக் கையால் சரிசெய்தேன்.

தளம் திறந்தபின் பழைய ஸ்டேட்டஸ் பழக்கத்தையும் விட வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கும் தளத்தின் லிங்க்கைத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு வாசலில் ஒரே சேலையை வைத்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

சும்மா_வந்தவன் · புதன், காலை 7:55

நான் சொன்ன ஒரு வரியைத்தான் இவர் இரண்டு பத்தியில் சொல்லியிருக்கிறார்.

பொடிக்கடைக்காரி · புதன், காலை 9:30

அந்த ஒரு வரியை நாத்தனாரிடம் நீங்கள் வந்து சொல்லுங்கள்.

வலைத்தச்சன் · புதன், காலை 10:14

இன்னும் ஒன்று, தமிழில் பொருள் பெயர் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பெயரைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் பக்க முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். உள்ளே அது சதவீதக் குறியும் எண்ணும் கலந்த நீண்ட சரமாக மாறும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம், புள்ளியும் காலும் கொக்கியும்கூடத் தனித்தனிக் குறிதான். ‘கண்டாங்கி’ என்ற ஒரு சொல்லே 81 இடம் பிடிக்கும். மொத்தம் 200 இடம்தான் உண்டு, அதற்கு மேல் வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சேலை லிங்க் மந்திரத் தகடு மாதிரி தெரியும். பெயர் தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக நீங்களே மாற்றிவிடுங்கள், சேலை எண்ணோடு.

தீமை, அதாவது தளத்தின் தோற்ற அமைப்பை, தேர்ந்தெடுக்கும்போது மாதிரிப் பக்கத்தைப் பார்த்து மயங்காமல் ஒரு தமிழ்த் தலைப்பைப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி இடைவெளியில் ‘கூ’வின் வாலும் ‘கி’யின் கொக்கியும் வெட்டுப்படும். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவச எழுத்துருக்கள், கண்ணை உறுத்தாது. போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 200 கேபிக்குள் சுருக்குங்கள். சேலை வாங்குபவர் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறார். நிறத்துக்கு ஒரு படம் கட்டாயம் வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். குழல்விளக்கில் எடுத்த அரக்கு வீட்டுக்குப் போனால் செங்கல் நிறமாக இருக்கும், சேலை திரும்பி வரும்.

கண்டாங்கிக்காரி · மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 10:52

தளம் திறந்துவிட்டது. லிங்க் போட்டால் விளம்பரம் என்று மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார், அதனால் போடவில்லை.

செலவு: டொமைன், ஒரு வருட ஹோஸ்டிங் இரண்டும் சேர்ந்து 5,400 ரூபாய். தீம் இலவசம். தம்பிக்கு ஒரு பிரியாணியும் ஒரு சட்டையும். 35,000 கேட்டவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆடிட்டர் சொல்லும்வரை தமிழ்நாட்டுக்கு மட்டும் டெலிவரி. முதலில் 25 சேலை ஏற்றியிருக்கிறேன், எல்லாம் ஒற்றை உருப்படி.

திறப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தேன். என் வீட்டுக்காரர் திண்ணையில், நாத்தனார் உள்ளே கூடத்தில். இருவர் கையிலும் போன், இருவர் கூடையிலும் ஒரே சேலை. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றதும் இருவரும் அழுத்தினார்கள். ஒரு போனில் பணம் கட்டும் திரை வந்தது, இன்னொன்றில் இருப்பில் இல்லை என்று வந்தது. இந்த முறை சேலை நாத்தனாருக்குக் கிடைத்தது. பணம் கட்டித்தான் வாங்கினார். வீட்டுக்காரர் ‘நெட் ஸ்லோ’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வலைத்தச்சன் · சனி, இரவு 11:20

வாழ்த்துகள். பேக்கப் எடுத்தீர்களா?

கண்டாங்கிக்காரி · சனி, இரவு 11:21

தம்பியை எழுப்புகிறேன்.